'ஆல்கஹால் இல்லாதது' என்று போட்டிருந்தால் போதுமா?

சிறு, நடுத்தர மருந்து ஆலைகள் திருத்தப்பட்ட 'அட்டவணை எம்' எனும் மருந்து உற்பத்தித் தர விதிகளுக்கு மாற நீட்டித்துத் தரப்பட்ட கெடு 2025 டிசம்பர் 31 ஆக இருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் பல ஒரே சந்தேகத்தைக் கிளப்பின: 'ஆல்கஹால் இல்லாதது' என்று அச்சிட்ட சிரப்பை வாங்கினால் பயமில்லைதானே? அந்த வாசகம் எத்தனாலைத்தான் மறுக்கிறது. மருந்தைக் கரைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால், இனிப்புக்குச் சேரும் கிளிசரின் இரண்டும் வேதியியல் கணக்கில் ஆல்கஹால்களே. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் இருந்த டைஎத்திலீன் கிளைக்காலும் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் குடும்பத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிட முடியாது. அதைத் தீர்மானிப்பது ஈரல். அங்குள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி, வந்த கிளைக்கால் எதுவானாலும் அமிலமாக்கும் வேலையைத் தொடங்கிவிடும். புரோப்பிலீன் கிளைக்கால் லாக்டிக் அமிலமாகிறது; அது உடம்புக்குப் பழகியது. எத்திலீன் கிளைக்காலிலிருந்து வரும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகிறது. டைஎத்திலீன் கிளைக்கால் தரும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரக நுண்குழாய்ச் செல்களையே கொல்கிறது. ஆக, நஞ்சை முடித்துக் கொடுப்பது நம் ஈரல். முறிவும் அங்கேதான்: ஃபோமெபிசோல் அந்த நொதியை முடக்கும், அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே கொடுத்து நொதியை அதன் பக்கம் இழுத்துவிடுவார்கள். சிக்கல் என்னவோ நேரம்தான். முதலில் வரும் வாந்தியைக் காய்ச்சலின் தொடர்ச்சி என்றே பெற்றோர் நினைப்பார்கள். சிறுநீர் நிற்கும்போது அமிலம் தன் வேலையை முடித்திருக்கும், பிறகு டயாலிசிஸ்தான்.

புதிய விதி இத்தகைய நச்சுக் கலப்பைத் தடுக்கும் என்கிறது அரசு. ஆனால் மூலப்பொருளைச் சோதித்தே பயன்படுத்த வேண்டும் என்பது பழைய விதியிலும் இருந்ததே! 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரையும், 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரையும் கொன்றது இதே டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதி அளவு 0.1 சதவீதம், கோல்ட்ரிஃபில் தமிழக ஆய்வகம் கண்டது 48.6 சதவீதம். இவ்வளவு கலப்பு நுட்பமான கருவியை ஏமாற்றித் தப்பியிருக்காது. யாரும் சோதிக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். சோதனைக்கான வாயு நிறப்பிரிகைக் கருவிக்குப் பணமில்லை என்பது சிறு ஆலைகளின் வாதம். மெல்லடுக்கு நிறப்பிரிகை என்ற மலிவான முதற்கட்டச் சோதனை இருக்கும்போது அது எடுபடாது.

கடிதங்களில் இருந்த பிற கேள்விகள்: கிரீமில் உள்ள சீட்டைல் ஆல்கஹால்? மெழுகு போன்றது, போதை தராது.

டைஎத்திலீன் கிளைக்காலைச் சுவைத்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கலாமா? முடியாது.

குழந்தை இருமினால்? இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்தே கூடாது, ஐந்துக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.