வீட்டு வெப்ப எக்கி: இயக்கமும் பராமரிப்பும்

வெப்ப எக்கி என்பது குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்தில் கொண்டு சேர்க்கும் கருவி ஆகும். கடைகளில் இதை ஹீட் பம்ப் என்பார்கள். ஃபிரிட்ஜும் ஏசியும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். குளிர்நாடுகளில் இது வீட்டைச் சூடாக்குகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் குளிப்பதற்கான வெந்நீர் தரும் கருவி. தென்காசி, குற்றாலம், குத்துக்கல்வலசை வட்டாரத்தின் தட்பவெப்பத்தை மனத்தில் கொண்டு, அந்த வெந்நீர்க் கருவியைச் சிக்கனமாகவும் ஆபத்தின்றியும் பயன்படுத்தும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

பெயரும் தத்துவமும்

கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. பள்ளத்தில் கிடப்பதை மேட்டுக்கு ஏற்றுகிறது. வெப்ப எக்கியும் அப்படித்தான். சாதாரண கெய்சரில் மின்சாரமே வெப்பமாக மாறுகிறது. ஓர் அலகு மின்சாரம் கொடுத்தால் ஓர் அலகு வெப்பத்துக்கு மேல் கிடைக்காது. வெப்ப எக்கியோ சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தைத் திரட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் அந்தத் தள்ளுகூலி மட்டுமே. அதனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் வெப்பம் கிடைக்கிறது. இந்த விகிதத்தைச் செயல்திறன் கெழு என்பர். ஒன்றைக் கொடுத்து மூன்றைப் பெறுவது ஆற்றல் அழியா விதியை மீறுவதாகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மீறவில்லை. மீதி இரண்டு அலகும் வெளிக்காற்றிலிருந்து வந்தவை. அந்தக் காற்று அதே அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது.

கருவிக்குள் ஒரு திரவம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைக் குளிர்பொருள் என்பர். மெக்கானிக்குகளின் பேச்சில் அது 'கேஸ்'. ஆவியாக்கிச் சுருளில் அது காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். பிறகு கம்ப்ரசர் அந்த ஆவியை நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, நெருக்கப்பட்ட ஆவி சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தொட்டித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. கடைசியாக ஒரு குறுகலான வால்வு வழியே அழுத்தம் இறங்கி, குளிர்ந்து, பழையபடி ஆவியாக்கிக்குத் திரும்புகிறது.

1852இல் கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் இந்தக் கருத்தை முன்வைத்தார். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் பீட்டர் ரிட்டிங்கர் உப்பு காய்ச்சுவதற்கு இதைச் செய்து பார்த்தார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடம் 1938 முதல் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடாக்கப்பட்டது.

ஒரு கணக்கு

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர் தொட்டி என்று கொள்வோம். தண்ணீர் 25 டிகிரி செல்சியசிலிருந்து 50 டிகிரிக்கு ஏற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் தேவை. 200, 25, 4.19 மூன்றையும் பெருக்கினால் 20,950 கிலோஜூல். ஓர் அலகு மின்சாரம் 3,600 கிலோஜூல் என்பதால், இது சுமார் 5.8 அலகு. கெய்சரில் இந்த 5.8 அலகும் மீட்டரில் ஏறும். செயல்திறன் கெழு 3 உள்ள வெப்ப எக்கியில் 2 அலகுக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

ஒரு நாளைக்கு 4 அலகு வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. அறுபது நாளில் அது ஏறக்குறைய 240 அலகு. முதல் 100 அலகுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் படிப்படியாக விகிதம் உயர்கிறது. மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் சேர்ந்து கூடிவிடுகிறது. 480இல் நிற்க வேண்டிய வீடு 720க்குப் போவதன் வலி அந்தப் படிகளில்தான் இருக்கிறது. அதே சமயம், ஒருவரோ இருவரோ வாழும் வீட்டுக்கு, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் இரண்டு வாளி வெந்நீர் தேவைப்பட்டால், வெப்ப எக்கியின் விலை மின்கட்டண மிச்சத்தில் திரும்பி வர வெகுகாலம் ஆகும். அவர்களுக்குச் சிறிய கெய்சரோ சூரிய வெந்நீர்க் கருவியோ போதும்.

தென்காசிக் காற்றும் சாரலும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே உள்ள கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசிப் பக்கம் நுழைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன். வெயிலுக்கிடையே தூறும் சாரலும் ஓயாத காற்றும் இந்த மாதங்களின் அடையாளம். அருவியில் நடுங்க நடுங்கக் குளித்துவிட்டு, விடுதிக்குத் திரும்பியதும் வெந்நீர் கேட்பவர்களும் உண்டு!

இந்தத் தட்பவெப்பம் வெப்ப எக்கிக்கு உகந்தது. காற்று வெதுவெதுப்பாக இருந்தால் வெப்பத்தை ஏற்ற வேண்டிய உயரம் குறைகிறது. ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது: ஆவியாக்கிச் சுருளில் காற்றின் ஈரம் படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தையும் விட்டுக்கொடுக்கிறது. சாரல் நாளில் கருவியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது பழுதன்று. அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அந்த நீர் வடிய ஒரு குழாயும் சரிவும் வேண்டும். இல்லையென்றால் சுவரடியில் பாசி பிடித்து, நடப்பவர் வழுக்கி விழ நேரும்.

காற்றுக்குத்தான் கவனம் தேவை. வெளியலகின் விசிறி மேற்கு நோக்கிக் காற்றைத் தள்ளும்படி வைத்தால், சீசன் காற்று அதை எதிர்த்து அடித்து விசிறியைத் திணறச் செய்யும். கருவியை வீட்டின் கிழக்குப் பக்கத்திலோ மறைவான ஓரத்திலோ வைப்பது நல்லது. மொட்டை மாடியில் வைத்தால் தாங்கியை வெறுமனே செங்கல் மேல் நிறுத்தாமல், கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது கருவியோடு வரும் கையேட்டில் இருக்கும். இடம் மிச்சம் என்று பூட்டிய ஸ்டோர் அறைக்குள் வைப்பது வீண். அறைக்காற்று விரைவில் குளிர்ந்துபோய், எடுக்க வெப்பம் இல்லாமல் கம்ப்ரசர் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே குளிர்கால இரவில் சுருளில் உறைபனி படியும். டொரண்டோவிலும் ஓஸ்லோவிலும் வாழும் தமிழர்களுக்கு இது பழகிய காட்சி. கருவி சிறிது நேரம் தன் சுழற்சியைத் திருப்பிக்கொண்டு பனியை உருக்கும். அப்போது வெளியலகிலிருந்து எழுவது புகையன்று, நீராவி. பனியைக் கத்தியால் சுரண்டினால் சுருள் கிழிந்து குளிர்பொருள் வெளியேறிவிடும்.

அன்றாட இயக்கம்

வெப்ப எக்கி அவசரக்காரர்களுக்கு ஏற்றதன்று. மேலே சொன்ன 200 லிட்டருக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகலாம். காலை ஐந்து மணிக்குப் போட்டு ஐந்தரைக்குக் குளிக்க நினைப்பவர் ஏமாந்துபோவார். டைமர் வைத்து நண்பகலிலோ பிற்பகலிலோ ஓட்டுவதே சிறந்தது. அப்போது காற்று அதிகச் சூடாக இருப்பதால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். கூரையில் சூரிய மின்தகடு வைத்தவர்களுக்கு இரட்டை ஆதாயம். நல்ல உறையுள்ள தொட்டி மறுநாள் காலை வரை சூட்டைத் தக்கவைக்கும்.

வெப்பநிலையை எவ்வளவுக்கு வைப்பது? உயர்த்த உயர்த்தச் செயல்திறன் குறைகிறது. குளிக்க 40 டிகிரி போதும். ஆனால் எப்போதும் 40இலேயே தொட்டியை வைத்திருப்பதும் தவறு. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். அந்த நீரின் நுண்துளிகளைச் சுவாசித்தால் கடும் நிமோனியா வரக்கூடும். அன்றாடம் 50 முதல் 55 டிகிரி வரை வைத்து, வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்றுவது நடைமுறைக்கு ஏற்ற வழி. பல கருவிகளில் இதற்கென ஓர் ஏற்பாடே உண்டு. ஊருக்குப் போய்ப் பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் குளியலுக்கு முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் கலவை வால்வு பொருத்துவது அல்லது முதலில் குளிர்ந்த நீரைப் பிடித்து அதில் வெந்நீர் கலப்பது என்ற பழக்கம் வேண்டும்.

பல தொட்டிகளுக்குள் துணைக்கு ஒரு மின்சூடேற்றியும் இருக்கும். யாரோ ஒருநாள் அவசரத்துக்குப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால், வெப்ப எக்கி வாங்கியதன் பயனே போய்விடும். வெளியே விசிறி சுற்றவில்லை, குளிர்ந்த காற்று வரவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் சூடாகிறது என்றால் அந்தச் சூடேற்றிதான் ஓடுகிறது என்று அறியலாம்.

உயிரோடு விளையாடும் தவறுகள்

முதலாவது, எர்த் இல்லாத இணைப்பு. தண்ணீரும் மின்சாரமும் சேரும் எந்தக் கருவிக்கும் சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பாதுகாப்புச் சுவிட்சும் இன்றியமையாதவை. சில வீடுகளில் எர்த் குழி தோண்டச் சோம்பல்பட்டு, நியூட்ரல் கம்பியையே எர்த் முனையில் சேர்த்துவிடுகிறார்கள். இது மிகக் கொடிய தவறு. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், கருவியின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். குளியலறைக் குழாயைத் தொடுபவர் ஈரக்கையுடன் தொடுகிறார். பாதுகாப்புச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழாவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருள்.

இரண்டாவது, அழுத்த விடுவிப்பு வால்வை அடைப்பது. 200 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 55க்குச் சூடாகும்போது 2 லிட்டருக்கு மேல் விரிகிறது. மூடிய தொட்டியில் அதற்கு வழிவிடுவது இந்த வால்வுதான். சூடேறும்போது அதில் சொட்டுவது இயல்பு. 'தண்ணீர் வீணாகிறது' என்று அதன் வாயில் மூடி போட்டுத் திருகிவிட்டு, பிறகு ஒருநாள் தெர்மோஸ்டாட்டும் பழுதானால், தொட்டி வெடித்துச் சிதறும். சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வால்வின் நெம்பைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரும் நீர் சூடாக இருக்கும்.

மூன்றாவது, குளிர்பொருள் தொடர்பானது. 'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்' என்று ஆண்டுதோறும் பணம் வாங்கும் மெக்கானிக்கை நம்ப வேண்டியதில்லை. அது பெட்ரோல் போலச் செலவாவதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைத்த பிறகே, கருவியின் தகட்டில் பொறித்த கிராம் அளவுக்கு நிறுத்து நிரப்ப வேண்டும். பழைய ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டுவருகிறது. புதிய கருவிகளில் காணப்படும் ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் பற்றி எரியும். கசிவைச் சோப்பு நுரையால் பார்க்க வேண்டும், தீக்குச்சியால் அன்று. ஒரு வகைக்கென்று செய்த கருவியில் வேறு வகையை நிரப்பக் கூடாது. குழாயில் அழுத்தச் சோதனைக்கு உலர் நைட்ரஜனே பயன்பட வேண்டும். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர் கைவசம் இருக்கிறதே என்று அதைச் செலுத்தினால், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். வீட்டுக்காரர் இதில் கைவைக்கத் தேவையில்லை. ஆனால் வந்தவர் கையில் எந்தச் சிலிண்டர் இருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

பராமரிப்பு

வீட்டாரே செய்யக்கூடியவை குறைவு, ஆனால் பயனுள்ளவை. எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கை மட்டும் நம்பாமல் தனிச் சுவிட்சை இறக்க வேண்டும். ஆவியாக்கிச் சுருளின் தகடுகளில் தூசியும் சருகும் அடைத்தால் காற்று போகாது. மென்மையான பிரஷ்ஷால் தகடு வாக்கில் துடைத்து, மெல்லிய நீரால் கழுவலாம்; கார் கழுவும் விசைக்குழாய் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். மாதம் ஒரு பார்வை போதும். வெளியலகின் மின்பலகைக்குள் பல்லியும் எறும்பும் புகுந்து குறுக்குச் சுற்று ஏற்படுத்துவதும், எலி கம்பியைக் கடிப்பதும் நம் பக்கம் சாதாரணம். கம்பி நுழையும் துளைகளை அடைத்து வைக்க வேண்டும்.

தொட்டிக்குள் மக்னீசியக் கோல் ஒன்று தொங்கும். அது தான் அரிக்கப்பட்டு, தொட்டியின் இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் பயன்படுத்தும் வீட்டில் இது விரைவாகக் கரையும். அங்கே தொட்டியின் அடியிலும் சுண்ணாம்புப் படிவு சேரும். அடிவடி குழாயைத் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் தனிச் சுவிட்சை இறக்கிவைப்பது மின்பலகைக்கு நல்லது. மின்சாரம் போய் வந்தால் மூன்று நிமிடமாவது கழித்தே கம்ப்ரசர் ஓட வேண்டும். உள்ளே அழுத்தம் சமனாக அந்த நேரம் தேவை. புதிய கருவிகள் தாமாகவே காத்திருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் ஓடவில்லையே என்று மீண்டும் மீண்டும் தட்டுவதுதான் தொல்லை.

ஆயுள் முடிந்த கருவியைக் காயலான் கடையில் போட்டால், செம்புக்காகக் குழாயை அங்கேயே அறுப்பார்கள். குளிர்பொருள் முழுவதும் காற்றில் கலக்கும். ஆர்-32இன் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், 675 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆர்-290 உள்ள கருவியென்றால் அறுப்பவருக்கே தீ ஆபத்து. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. புதியது வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்கலாம்.