விடுதிக்கு முன் வீடு

ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை, தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டி வீடுகளுக்கு வந்து பல ஆண்டுகளாகின்றன. தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். செலவிட்ட நேரத்துக்குக் கூலியில்லை. தைத்த ஜோடிக்குத்தான் கூலி. அக்குடும்பத்தில் ஒருவர் இறந்தாலோ நோயில் படுத்தாலோ, ஜோடிகளின் எண்ணிக்கையைக் கூட்டக் குழந்தையின் கைகளும் தேவைப்பட்டுவிடுகின்றன. 'ஆதரவற்ற குழந்தை' என்று நாம் குறிப்பிடும் நிலை பல நேரங்களில் இவ்வாறே தொடங்குகிறது.

தோல் பதனிடும் பணியில் குழந்தைகளை ஈடுபடுத்துவதை 1986ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்தது. 1996இல் உச்சநீதிமன்றம் இரு முக்கியத் தீர்ப்புகளை வழங்கியது. ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. டிசம்பரில், சிவகாசி தொடர்பான எம்.சி.மேத்தா வழக்கில், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை அளிக்க வேண்டும். இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது. இரண்டுக்கும் பொருளாதார அடிப்படை ஒன்றே: ஒருவர் ஈட்டும் லாபத்துக்கான செலவைப் பாலாற்றின் மீதோ, குழந்தையின் மீதோ சுமத்தலாகாது.

2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. எனினும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவலாம் என விலக்களித்தது. வருவாய் தரும் உற்பத்திச் சங்கிலியில் அந்த உதவி இடம்பெறக் கூடாது என 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆனால், வீட்டுக்குள் நடப்பதை எந்த ஆய்வாளர் கண்காணிப்பார்?

இங்குதான் அறக்கட்டளைகளின் பங்கு தொடங்குகிறது. இவ்வட்டாரத்துக்கு ஈகை புதிதன்று. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1919இல் நிறுவிய இஸ்லாமியா கல்லூரி இன்றும் அதற்குச் சான்று. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கூட்டாண்மையாகவோ தனியுடைமையாகவோ இயங்கும் பதனிடும் கூடங்களுக்கு அது பொருந்தாது. அவர்களிடம் சட்டம் கேட்பதில்லை. மனச்சாட்சிதான் கேட்க வேண்டும்.

கொடுக்கும் பணம் எங்கே போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நன்கொடையாளருக்கு விடுதிக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். குழந்தையைப் பிரியாமல் காப்பாற்றிய ஒரு பாட்டியின் குடும்பம் தெரியாது. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் பெருகிய கென்யாவில், 2004இல் தொடங்கிய முன்னோடித் திட்டம் அந்தப் பாட்டியைத்தான் கணக்கில் எடுத்தது. அக்குழந்தைகளை வளர்க்கும் உறவினர் குடும்பங்களுக்கே பணம் நேரடியாக வழங்கப்பட்டது. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கருதுகிறது. 'மிஷன் வாத்சல்யா' திட்டம், தகுதியுள்ள குழந்தை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் அளிக்க வகைசெய்கிறது.

அந்த உதவியைப் பெற இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றுடன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். நாள் முழுவதும் ஊசியும் நூலுமாக அமர்ந்திருக்கும் விதவைத் தாய்க்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி இழப்பு. அந்த அலைச்சலை ஏற்கும் அறக்கட்டளை, புதிய கட்டடம் எழுப்புவதைக் காட்டிலும் குறைந்த செலவில் கூடுதல் குழந்தைகளைக் காக்கும்.

இறுதியாக ஒன்று. ஜோடிக் கூலி நியாயமாக உயர்ந்தால், காக்கப்பட வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கையே குறையும். வலக்கையால் குறைத்துக் கொடுத்த கூலியை இடக்கையால் நன்கொடையாகத் திருப்பித் தருவது ஈகையாகாது.