சமையலறைக்கு 250 சதுர அடி, விளையாட்டுத் திடலுக்கு?

மும்பை: ஐம்பது குழந்தைகள் தங்கும் இல்லத்தில் சமையலறை 250 சதுர அடி இருக்க வேண்டும். உணவுக்கூடம் 800 சதுர அடி. இருபத்தைந்து பேர் உறங்கும் கூடம் 1,000 சதுர அடி. நூலகம் 500 சதுர அடி. குளியலறை ஒவ்வொன்றும் 25 சதுர அடி. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2016-இல் அறிவித்த மாதிரி விதிகள் இவ்வாறு ஒவ்வோர் அறைக்கும் அளவு குறிக்கின்றன. உள்ளரங்கப் பொழுதுபோக்கு அறைக்குக்கூட 300 சதுர அடி என்று கணக்கு உண்டு.

ஆனால், பட்டியலில் விளையாட்டுத் திடலுக்கு வரும்போது எண் மறைந்துவிடுகிறது. மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் ‘போதுமான பரப்பு’ இருக்க வேண்டும் என்பதோடு விதி முடிந்துவிடுகிறது. 2007-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளிலும் இதே நிலைதான். அரசு விட்டுவைத்த இந்த இடைவெளியைத்தான் நாடெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நாள்களில் தூரிகையும் மண்வெட்டியும் கொண்டு நிரப்பி வருகிறார்கள். அந்த உழைப்பு எவ்வளவு நாள் நிற்கிறது என்பதை மும்பையின் சயான் பகுதியை வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

எல்லையில் ஓர் ஊர்

மராத்தியர்கள் சயானை ‘ஷீவ்’ என்றே அழைக்கின்றனர். எல்லை என்பது அதன் பொருள். பழைய பம்பாய்த் தீவில் ஆங்கிலேயரின் ஆட்சிப்பரப்பு இங்கேதான் முடிந்தது. அதைக் காக்க 17-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் ஜெரார்டு ஆஞ்சியர் காலத்தில் எழுந்த கோட்டை இன்றும் குன்றின் மேல் சிதிலமாக நிற்கிறது.

தமிழர்களுக்கு இது அந்நியமான ஊர் அன்று. ஒருபுறம் தாராவி, மறுபுறம் மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960-இல் சயான் மேற்கில் கல்லூரி நிறுவியது. பம்பாய்த் தமிழ்ச் சங்கமும் சயானில்தான் உள்ளது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் வாழ்கின்றனர். சயான் கோலிவாடா சட்டப்பேரவைத் தொகுதியில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றவர் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் என்னும் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த வட்டாரத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களும் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. சயான் சாலையில் மானவ சேவா சங்கம் நடத்தும் இல்லம் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தோன்றியது. தாராவியை ஒட்டிய மாஹிமில் உள்ள டேவிட் சசூன் தொழிற்பள்ளியின் வேர் 1857-இல் உள்ளது. செம்பூரைத் தாண்டி மான்கூர்டில் பெரிய வளாகம் ஒன்றை, 1927-இல் அமைக்கப்பட்ட குழந்தைகள் உதவிச் சங்கம் நிர்வகித்து வருகிறது.

இத்தகைய இல்லங்களுக்கு வரும் குழந்தைகள் அனைவரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். தாய் அல்லது தந்தை மட்டும் உள்ளவர்கள், வறுமையால் ஒப்படைக்கப்பட்டவர்கள், ரயில் நிலையங்களில் மீட்கப்பட்டவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அந்தக் கடைசி வழிக்கு வந்துவிட்ட குழந்தை பிற குழந்தைகளைப்போல் தெருவுக்கோ பூங்காவுக்கோ தன் விருப்பப்படி ஓடிவிட முடியாது. அதன் விளையாட்டு உலகம் மதிற்சுவருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, சுவருக்குள் இருக்கும் முற்றம் எவ்வளவு பெரியது, எப்படி இருக்கிறது என்பது அக்குழந்தைக்கு அற்பமான விஷயம் அன்று.

ஒரு சனிக்கிழமையின் உழைப்பு

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ, விற்றுமுதலோ, லாபமோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அது விதிக்கிறது. நிதியோடு ஊழியர்களின் உழைப்பையும் சேர்த்து வழங்கும் வழக்கம் இதற்குப் பின் பெருகியது. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதில் பங்கேற்கின்றனர்.

பணி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. சனிக்கிழமை காலையில் இருபது, முப்பது பேர் வருகிறார்கள். சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். தரையில் பாண்டிக் கட்டங்கள் வரைகிறார்கள். உடைந்த ஊஞ்சலுக்குச் சங்கிலி மாற்றுகிறார்கள். பழைய டயர்களைப் புதைத்து ஏறிக் குதிக்கும் வரிசை அமைக்கிறார்கள். மாலையில் குழந்தைகள் அதில் ஏறும்போது எழும் கூச்சலைக் கேட்டவர் எவரும் இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட மாட்டார்.

சிக்கல் ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. சயானும் அதை அடுத்த கிங்ஸ் சர்க்கிளும் மழைநீர் தேங்குவதற்குப் பெயர்பெற்ற தாழ்வான பகுதிகள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவானதை மும்பை மறக்கவில்லை. நான்கு மாதப் பருவமழையில் இரும்புச் சறுக்குமரத்தின் ஓரங்கள் துருவேறிக் கத்திபோல் ஆகிவிடுகின்றன. மணற்குழி சேறாகிறது. டயரின் உட்குழிவில் நிற்கும் நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது. மழைக்கு முன் பழைய டயர்களை அகற்றுமாறு மாநகராட்சி வலியுறுத்துவது இதனால்தான்.

இவை தீர்க்க முடியாத குறைகள் அல்ல. டயரின் அடிப்பகுதியில் துளைகள் இட்டால் நீர் நிற்காது. மணற்குழியின் அடியில் ஜல்லி பரப்பி, வடிகாலுக்குச் சரிவு கொடுத்தால் சேறாகாது. இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தால் ஆயுள் கூடும். இவற்றுக்கு ஒருநாள் உற்சாகம் போதாது. மழைக்கு முன்னும் பின்னும் வந்து திருகாணிகளை முடுக்கிப் பார்க்கும் ஒருவர் வேண்டும். புதிதாக அமைக்கப் பணம் தர முன்வருவோர், ஏற்கெனவே அமைத்ததைப் பழுது பார்க்கப் பணம் தர அவ்வளவாக முன்வருவதில்லை. பழுதுபார்ப்பு விழாவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது அல்லவா?

கரக்பூர் காட்டிய வழி

இதில் நிலைத்து நின்ற முயற்சிகளும் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடக்கலை பயின்ற பூஜா ராய், மாணவப் பருவத்தில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்குச் சென்றபோது, அங்கிருந்த குழந்தைகள் செருப்பை மட்டையாக்கிப் பூப்பந்து ஆடுவதைக் கண்டார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பயன்படுத்திக் கழித்த டயர்களால் விளையாட்டுத் திடல் அமைத்தார். அது பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்’ என்னும் அமைப்பாக வளர்ந்து, பல மாநிலங்களில் தன்னார்வலர்களைக் கொண்டு திடல்களை உருவாக்கியது. கருவிகளைக் கடையில் வாங்கி நடுவதற்கு முன், குழந்தைகளிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது இவர்களின் நடைமுறை.

அயல்நாட்டில் இதற்கு இன்னும் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947 முதல் 1978 வரை 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். போரில் இடிந்த வீடுகளின் காலிமனைகளே அவற்றில் பலவற்றுக்கு இடம் தந்தன. ஒரு மணற்குழி, சில கம்பி வளைவுகள், சில கற்கள், அவ்வளவுதான். அவை பரவியதற்குக் காரணம், நகராட்சி அவற்றைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்டது.

இடமில்லை என்ற பதில் சயானுக்கும் முழுமையாகப் பொருந்தாது. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் இருந்த குப்பைமேடு, 37 ஏக்கர் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாறி 1994-இல் திறக்கப்பட்டது. குப்பைமேட்டைக் காடாக்க முடிந்த நகருக்கு, முற்றத்தைத் திடலாக்குவது கடினமன்று.

கேட்க வேண்டியவர்கள் குழந்தைகள்

சட்டத்தில் இதற்கு வழியும் இருக்கிறது. 6 முதல் 10 வயது, 11 முதல் 15 வயது, 16 முதல் 18 வயது என மூன்று பிரிவுகளாக, குழந்தைகள் மட்டுமே உறுப்பினர்களாக உள்ள குழுக்களை ஒவ்வோர் இல்லத்திலும் அமைக்க வேண்டும் என்று அதே மாதிரி விதிகள் கூறுகின்றன. இல்லத்தின் நிலையை மேம்படுத்துவதும் அக்குழுக்களின் பணிகளில் ஒன்று. தன்னார்வலர்கள் வண்ண டப்பாவைத் திறப்பதற்கு முன் இந்தக் குழுக்களைச் சந்தித்தால், பத்து வயதுச் சிறுவர்களுக்காக வாங்கிய சறுக்குமரத்தின் அருகே பதினாறு வயதுப் பெண்கள் செய்வதறியாது நிற்கும் நிலை வராது. கால் ஊனமுற்ற குழந்தைக்குச் சாய்தளம் தேவை என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் தன்னார்வலர்கள் அறிந்திருக்க வேண்டும். இல்லத்துக் குழந்தைகளை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, புகைப்படம் ஆகியவற்றைச் செய்தித்தாளிலோ வேறு தகவல் தொடர்பு வழிகளிலோ வெளியிடுவதைச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திறப்பு விழாவில் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து ஊரறியப் பரப்புவோர், நல்ல எண்ணத்துடனேயே குற்றம் இழைக்கிறார்கள்.

தமிழகத்துக்கும் பொறுப்பு உண்டு

இதை மும்பையின் பிரச்னை என்று தமிழக வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் குழந்தைகளுக்கென முதல் மாகாணச் சட்டத்தை 1920-இல் இயற்றியது சென்னை. வங்காளம் 1922-இலும், பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் குழு ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் 9,589 இல்லங்கள் இருந்தன. அவற்றில் 3,77,649 குழந்தைகள் இருந்தனர். அதிக இல்லங்கள் இருந்த மாநிலம் தமிழ்நாடு: 1,647. அடுத்தது மகாராஷ்டிரம்: 1,284. மூன்றாவது கேரளம்: 1,242.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையிலும் விளையாட்டுத் திடல் இடம்பெற்றுள்ளது. ஹரியாணாவில் பள்ளி நிலத்தின் ஆக்கிரமிப்பு தொடர்பான வழக்கில், திடல் இல்லாமல் ஒரு பள்ளி இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் உறுதிபடக் கூறியது. காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் மாணவனுக்கே இந்த நிலை என்றால், இரவும் பகலும் ஒரே வளாகத்தில் வளரும் குழந்தைக்கு எவ்வளவு தேவை?

செய்ய வேண்டியவை எளியவை. சட்டத்தின் 110-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. ‘போதுமான’ என்ற சொல்லுக்குப் பதிலாக, ஒரு குழந்தைக்கு இத்தனை சதுர அடி என்று தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் எழுதலாம். நகர நடுவே நிலம் இல்லாத பழைய இல்லங்களுக்கு, அருகிலுள்ள பள்ளி அல்லது மாநகராட்சித் திடலைக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கித் தரலாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி பெறும் நாடாளுமன்ற உறுப்பினர்கள், தம் தொகுதியில் உள்ள அரசு இல்லங்களின் முற்றத்தை ஒருமுறை நேரில் பார்க்கலாம். நாட்டிலுள்ள இல்லங்களில் எத்தனைக்குத் திடல் உள்ளது, ஒரு குழந்தைக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கேள்வி நேரத்தில் அமைச்சரைக் கேட்கலாம்.

அதுவரை சனிக்கிழமைகளில் வரும் தன்னார்வலர்களின் கைகளே அந்தக் குழந்தைகளுக்குத் துணை. அவர்கள் இந்த மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை வந்து, தாங்கள் மாட்டிய ஊஞ்சலின் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.