பழைய ஜீப் வாங்குமுன் அறிய வேண்டுவன

நான்கு சக்கரங்களாலும் இயங்கும் பழைய வண்டியை வாங்குவோர் முதலில் எஞ்சினையே நோக்குவர். எஞ்சின் பழுதாயின் சீர்ப்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். வண்டி முழுவதையும் தாங்கும் சேஸிஸ் துருவினால் அரிக்கப்பட்டிருப்பின் செய்யத்தக்கது சொற்பமே. ஆதலின் பரிசோதனையை அடிப்பாகத்திலிருந்து தொடங்குதல் நலம்.

1985-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிப்ஸியை உதாரணமாகக் கொள்வோம். இதன் சேஸிஸ் ஏணி போன்றது. ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்களையும், சேறு தங்கும் மூலைகளையும் சிறு சுத்தியலால் தட்டுக. கணீரென்னும் ஒலி நல்ல இரும்புக்கு அடையாளம்; மந்தமான ஒலி உள்ளே அரிப்புண்டென்பதைக் காட்டும். புதிதாகப் பூசிய கறுப்பு வர்ணம் ஐயத்திற்குரியது. ஸ்டியரிங் பெட்டி பொருந்திய இடத்தில் விரிசல் காணின், அவ்வண்டி மலைப்பாதைக்கு ஏற்றதன்று.

முன்சக்கர இயக்கத்தை உலர்ந்த தார்ச்சாலையில் சோதித்தல் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. இவ்வேறுபாட்டுக்கு இடந்தரும் பல்சக்கர அமைப்பு இரு அச்சுகளுக்குமிடையே இவ்வண்டியில் இல்லாமையால், பற்களும் தண்டுகளும் முறுக்கத்திற்கு உள்ளாகும். இளகிய மண்ணே தக்க இடம். முன்சக்கர நடுவில் பூட்டும் குமிழ் இருப்பின் முதலில் அதைப் பூட்டுக. 'லோ' நிலையில் ஏற்றத்தில் செலுத்துகையில் நெம்புகோல் தானே நழுவுமாயின் உள்ளே தேய்மானம் உண்டு.

சேஸிஸில் பொறித்த எண் பதிவுச் சான்றிதழிலுள்ள எண்ணோடு பொருந்தாவிடில், வண்டி எத்துணை நன்றாயினும் பேரத்தைத் தொடர வேண்டுவதில்லை.