ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக் கூடாது

கார்த்திகை பிறந்தால் திருவண்ணாமலையில் வீடு கழுவும் வேலையும் தொடங்கிவிடும். தீபத்துக்கு வெளியூர் உறவினர்கள் வருவார்கள். விடுதிகளில் அறை கிடைக்காது. பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பதில் யாருக்கும் கெடுதல் இல்லை. கவலையெல்லாம் குளியலறையிலும் கழிப்பறையிலும் ஊற்றப்படும் பொருள்களைப் பற்றித்தான்.

உப்புக் கறைக்கு வினிகர்

இந்த ஊர் பாறை நிலம். போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு; குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட். சமையல் வினிகரில் சுமார் 5 சதவீதம் உள்ள அசிட்டிக் அமிலமே அதைக் கரைத்துவிடும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் போதும், ஆசிட் தேவையில்லை.

ஆனால் கடப்பா கல் மேடையில் வினிகர் வேண்டாம். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், மெருகு போய்விடும். வினிகரோடு சோடா உப்பைச் சேர்த்தால் பொங்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் கழிப்பறைக் கிருமியை ஒழிக்க வினிகரை நம்பாதீர்கள். அங்கே பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும், அதுவும் தனியாக.

மூச்சை அடைக்கும் கலவை

பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லை என்று மேலேயே ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. கண் எரியும், தொண்டை கமறும், நெஞ்சு இறுகும். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் கூடவும் செய்யலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கழிப்பறைக்கென்று விற்கும் பல திரவங்களிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அவற்றையோ வினிகரையோ பிளீச்சிங்கோடு கலந்தாலும் குளோரின்தான். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோராமின் என்ற இன்னொரு நச்சு வாயு உண்டாகும்.

பௌர்ணமி கிரிவலம் முடிந்த காலையில் அடுத்தடுத்து அறைகளைக் கழுவும் விடுதிப் பெண்களை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. துணி மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது. முதலாளிகள் கையுறை வாங்கித் தருவதோடு, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

குடிநீர் பாட்டிலில் ஆசிட்

ஆசிட்டின் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்தது. அப்படியும் வீட்டில் ஆசிட்டும் பினாயிலும் பழைய தண்ணீர் பாட்டிலில் இருந்தால், தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கிய பாட்டிலிலேயே, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாயு கிளம்பினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏறி வரும் அமிலம் உணவுக்குழாயை மறுபடியும் புண்ணாக்கும். உடனே 108ஐ அழையுங்கள், மருத்துவமனைக்கு அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.