மேல்நிலை மாணவர்களின் கல்லூரித் தேர்வும் பள்ளியின் வழிகாட்டற் பொறுப்பும்: தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு நீக்கப்பட்ட பின்னர், மேல்நிலைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே பொறியியல் சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. ஆயினும், ஒத்த மதிப்பெண் பெற்ற இருவர் ஒத்த வாய்ப்பைப் பெறுவதில்லை. நடைமுறை குறித்த அறிவே அவர்களுக்கிடையே வேறுபாட்டை உண்டாக்குகிறது. மதிப்பெண் கணக்கீடு, சான்றிதழ்கள், விருப்பப் பட்டியல், கல்லூரியை மதிப்பிடும் அளவுகோல்கள் ஆகிய நான்கு நிலைகளில் மாணவர்க்குத் தேவைப்படும் வழிகாட்டலை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேல்நிலைக் கல்வி, ஒற்றைச்சாளர முறை, கலந்தாய்வு, விருப்பப் பட்டியல், முதல் தலைமுறைப் பட்டதாரி.

முன்னுரை

1978ஆம் ஆண்டில் புகுமுக வகுப்பிற்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் அறிமுகமானது. கல்லூரி வளாகத்திற்குள் நடைபெற்றுவந்த ஒரு படிநிலை பள்ளிக்குள் வந்தபோது, கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பும் பள்ளியைச் சேர்ந்தது. 1984 முதல் நடைமுறையில் இருந்த நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நீக்கப்பட்டு, 2007 முதல் பள்ளி மதிப்பெண் வழியான சேர்க்கை நிலைபெற்றது. சென்னையில் நேரில் நடைபெற்றுவந்த கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறியது. பயணச் செலவும் அலைச்சலும் குறைந்தன. ஆனால் கலந்தாய்வுக் கூடத்தில் அருகிருந்து விளக்குவோரும் இல்லாது போயினர். வீட்டில் பட்டதாரிகள் உள்ள மாணவர் அக்குறையைக் குடும்பத்தினர் வழி நிறைவுசெய்துகொள்கிறார். ஏனையோர்க்குப் பள்ளியே துணை.

மதிப்பெண்ணைப் படிக்கும் முறை

ஆயத்தப்பணி பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தெரிவுசெய்யும்போதே தொடங்கிவிடுகிறது. கணிதம் இல்லாத பிரிவை எடுத்தவர்க்குப் பொதுப் பொறியியல் கலந்தாய்வின் பெரும்பாலான வாயில்கள் அடைபடுகின்றன. பிற்காலத்தில் திறக்க இயலாத வாயில் எது என்பதைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

பொறியியல் தரவரிசை 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் கொள்ளப்படுகின்றன. கணிதத்தில் 96, இயற்பியலில் 80, வேதியியலில் 80 பெற்ற மாணவரின் கட்-ஆஃப் மதிப்பெண் 176 ஆகும். கணிதத்தில் 80, ஏனைய இரண்டிலும் தலா 90 பெற்றவர்க்கு அது 170 மட்டுமே. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகையில் பின்னவர் நான்கு மதிப்பெண் மிகுதியாகப் பெற்றிருந்தும் தரவரிசையில் பின்தங்குகிறார். இருவர் சமநிலையில் நின்றாலும் முதலில் நோக்கப்படுவது கணித மதிப்பெண்ணே. இக்கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே அறிந்தவர் தம் உழைப்பைப் பகிர்ந்தளிக்கும் முறை வேறாக அமையும்.

சான்றிதழ்களும் உரிமைகளும்

தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. எஞ்சிய 31 விழுக்காடு எல்லாப் பிரிவினர்க்கும் பொதுவானது. இட ஒதுக்கீட்டுப் பிரிவைச் சார்ந்தவர் பொதுப்பிரிவிலும் போட்டியிட இயலும் என்பதை மாணவர் பலர் அறிவதில்லை.

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கப்படுகிறது. இவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உயர்கல்வியைத் தொடரும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

இவ்வுரிமைகள் யாவும் தாள்களைச் சார்ந்தவை. சாதிச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை வருவாய்த்துறை வழங்குகிறது. ஆறாம் வகுப்பு முதல் பயின்றமைக்கான சான்றைப் பள்ளிகள் வழங்குகின்றன. இடையில் பள்ளி மாறியவர் ஒவ்வொரு பள்ளியின் பதிவையும் திரட்ட வேண்டும். பெயரின் தலைப்பெழுத்தில் உள்ள சிறு வேறுபாடும் சரிபார்ப்பில் தடையாகலாம். பொதுத்தேர்வு முடிவு வெளியான பின்னர் இப்பணியைத் தொடங்குவோர் காலநெருக்கடிக்கு ஆளாகின்றனர். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் இதனை முடிக்குமாறு வகுப்பாசிரியர் நெறிப்படுத்துவது தக்கது.

விருப்பப் பட்டியலின் இயக்கம்

மாணவர் மிகுதியும் பிழைபடும் இடம் இதுவே. இணையவழி ஒதுக்கீடு ஒவ்வொரு சுற்றிலும் தரவரிசைப்படி மாணவரை எடுத்துக்கொள்கிறது. அவரது பட்டியலை மேலிருந்து கீழாக நோக்கி, அவர்க்கு உரிய பிரிவில் இடமிருக்கும் முதல் விருப்பத்தை அவர்க்கு அளிக்கிறது. அதற்குக் கீழுள்ளவை கருதப்படுவதே இல்லை.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கிடைத்தற்கரிய கல்லூரியை முதலில் இடுவதால் எவ்விழப்பும் நேராது. அங்கு இடமில்லையெனில் அடுத்த விருப்பம் அதே தரவரிசையுடன் நோக்கப்படும். இரண்டாவது, "இது உறுதியாகக் கிடைக்கும்" என்னும் எண்ணத்தால் ஓரளவே விரும்பிய கல்லூரியை முதலில் இடுவது பேரிழப்பாகும். அது கிடைத்தவுடன் அதற்குக் கீழே எழுதிய சிறந்த கல்லூரி கைநழுவும். ஒதுக்கீட்டை ஏற்று மேல்நோக்கிக் காத்திருக்கும் வாய்ப்பும் பட்டியலில் அதற்கு மேலுள்ள விருப்பங்களுக்கே பொருந்தும். எனவே, உண்மையான விருப்ப வரிசையே சிறந்த உத்தி.

பட்டியலின் நீளமும் இன்றியமையாதது. ஐந்தாறு விருப்பங்களோடு நிறுத்துவோர் நல்ல மதிப்பெண் இருந்தும் அச்சுற்றில் இடமின்றி நிற்க நேரும். முந்தைய ஆண்டுகளின் இறுதிக் கட்-ஆஃப் மதிப்பெண்களைத் தம் பிரிவிற்குரியவாறு ஒப்பிட்டு, தம் மதிப்பெண்ணுக்கு மேலும் கீழும் விருப்பங்களை இடுதல் வேண்டும். கல்லூரிப் பெயர்கள் பல ஒத்திருப்பதால், பெயரோடு குறியீட்டு எண்ணையும் சரிபார்த்தல் நன்று.

கல்லூரியை மதிப்பிடுதல்

விளம்பரங்கள் தரும் சொற்கள் பலவும் தரத்தைக் குறிப்பன போலத் தோன்றும். தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக் நிறுவனத்தை முழுமையாக மதிப்பிடுகிறது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தனித்தனிப் பாடப்பிரிவுகளை மதிப்பிடுகிறது. ஒரு கல்லூரியின் இயந்திரப் பொறியியல் பெற்ற அங்கீகாரம் அதன் கணினிப் பொறியியலுக்கு உரியதன்று. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் பருவத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு பயனுள்ள சான்று. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால், அவற்றின் தேர்ச்சியை ஏனைய கல்லூரிகளின் தேர்ச்சியோடு நேராக ஒப்பிடல் பொருந்தாது. வேலைவாய்ப்பு விழுக்காட்டைக் காணும்போது, அது பயின்றோர் அனைவரின் அடிப்படையிலா, வளாகத் தேர்விற்குத் தகுதி பெற்றோரின் அடிப்படையிலா எனக் கேட்டறிதல் வேண்டும்.

கல்விக் கட்டணத்தோடு விடுதி, பேருந்து, தேர்வு ஆகியவற்றின் செலவையும் நான்காண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தல் தேவை. இடையில் கட்டணம் செலுத்த இயலாது நின்றுவிடும் படிப்பு, சேராத படிப்பினும் மிகுந்த துயரைத் தரும்.

முடிவுரை

2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 ஆகும். நாட்டின் சராசரி 28.4. வாயில் அகலமாகவே திறந்துள்ளது. அதன் வழி நுழைவோர் தமக்குரிய இடத்தை அடைகின்றனரா என்பதே இனி எழும் வினா. 2022இல் தொடங்கப்பெற்ற நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்வுகள் இத்திசையில் அமைந்த முயற்சிகள். ஒருநாள் நிகழ்வு ஆர்வத்தைத் தூண்டும். சான்றிதழைச் சரிபார்ப்பதற்கும், மாதிரி விருப்பப் பட்டியலை எழுதித் திருத்துவதற்கும் வகுப்பறையே ஏற்ற களம். கணித ஆசிரியர் கட்-ஆஃப் கணக்கை ஒரு பயிற்சியாகத் தரலாம். கடந்த ஆண்டு சேர்ந்த முன்னாள் மாணவர் தம் பட்டியலை விளக்கலாம். இதற்கெனப் பெருஞ்செலவு தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துப் பெற்ற மதிப்பெண், ஒரு வரிசைப் பிழையால் வீணாகாதிருக்கச் சில பாடவேளைகளை ஒதுக்குவதே பள்ளி செய்யவேண்டுவது.