வாக்குச்சீட்டில் ஒரு தணிக்கையாளர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அரசுக் கணக்குகளைச் சோதிக்கும் தலைமைத் தணிக்கையாளரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியாவில் குடியரசுத் தலைவர் நியமிக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு ஒப்பான பொறுப்பு இது. ஆனால் அங்கே அதற்கு வர விரும்புபவர், கட்சி வேட்பாளராக நின்று ஊர் ஊராக ஓட்டுக் கேட்டாக வேண்டும்.

1809இல் உருவான இப்பதவிக்குத் தொடக்கத்தில் ஆளுநரே ஆளை நியமித்தார். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதல்வரைப் போல ஆட்சி நடத்துபவர். அவரது நிர்வாகத்தின் செலவைக் கேள்வி கேட்க வேண்டியவர் அவர் தயவிலேயே பதவியில் இருப்பது பொருத்தமில்லை. 1850இல் செய்த அரசியல் சட்டத் திருத்தம் நியமனத்தைத் தேர்தலாக மாற்றியது.

பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வகிக்க முடியாது. இன்னொரு விதி இதைவிட நுட்பமானது. மாநிலக் கருவூலத் தலைவராக இருந்தவர், அப்பதவியை விட்டு நான்கு ஆண்டுகள் கழியும்வரை தணிக்கையாளர் ஆக முடியாது. தான் கையாண்ட பணத்தைத் தானே தணிக்கை செய்யும் நிலை வரக் கூடாதே! அதே சமயம், கணக்காளர் பட்டம் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

பள்ளி மாவட்டங்கள், உள்ளாட்சி ஓய்வூதிய நிதிகள், தன்னார்வத் தீயணைப்போருக்கான நிவாரண நிதிகள் எனப் பொதுப்பணம் போகும் பல இடங்களுக்கும் இவரது தணிக்கை செல்கிறது. பணத்தோடும் அது நிற்பதில்லை. யூஜின் டிபாஸ்குவாலே தணிக்கையாளராக இருந்தபோது, குழந்தை வன்கொடுமை பற்றித் தகவல் சொல்வதற்கான அரசுத் தொலைபேசி சேவையைச் சோதித்தார். 2015இல் மட்டும் சுமார் 42,000 அழைப்புகள் எடுக்கப்படாமலே போனது தெரியவந்தது. இப்படி ஒன்றை வெளிக்கொண்டு வந்தாலே அந்தப் பதவி மக்களுக்குப் பயன்பட்டதாகும். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் மட்டும் இவருக்கு இல்லை.

இத்தேர்தல் அதிபர் தேர்தல் நாளிலேயே நடப்பதால், வாக்காளர் கவனம் முழுக்க அதிபர் பதவி மேலேயே இருக்கும். முன்பெல்லாம் ஒரே குறியில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கலாம். 2019இல் வந்த சட்டம் அந்த வசதியை நீக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலின் முடிவு கவனிக்கத்தக்கது. அதிபர் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு வெற்றி தந்த அதே மாநிலம், தணிக்கையாளராகக் குடியரசுக் கட்சியின் டிமோத்தி டிஃபோரைத் தேர்ந்தெடுத்தது. டாபின் கவுண்டியின் கணக்குக் கட்டுப்பாட்டாளராக இருந்த அவர், வங்கதேசத்தில் பிறந்த அறிவியலாளரும் பிலடெல்பியாவின் முன்னாள் துணை மேயருமான நீனா அகமதைத் தோற்கடித்தார். பதவி வாரியாக ஆளைப் பார்த்து வாக்களித்தவர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

தேர்தல் மட்டுமே நேர்மைக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. 1977 முதல் 1985 வரை தணிக்கையாளராக இருந்த ஆல் பெனடிக்ட், அலுவலகத்தில் வேலைகளை விற்ற ஊழலில் சிக்கி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பலருக்குத் தணிக்கையாளர் பொறுப்பு அடுத்த பதவிக்கான படியாகவும் அமைகிறது: பாப் கேசி ஜூனியர் இங்கிருந்து கருவூலத்துக்கும், பிறகு அமெரிக்க செனட் சபைக்கும் போனார். மேலே ஏற நினைப்பவர், தன் கட்சிக்காரர் நடத்தும் துறையை எவ்வளவு கறாராகச் சோதிப்பார் என்ற ஐயம் நியாயமானதே.

2024 தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற மால்கம் கென்யாட்டாவை வென்று டிஃபோர் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். விதிப்படி 2028 தேர்தலில் அவர் இதே பதவிக்குப் போட்டியிட இயலாது.